புதிய அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வீட்டு நீரும் தீயணைப்பு நீரும்: எந்த ஏற்பாட்டைத் தேர்வது?

அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நீர் ஏற்பாடு செய்பவர், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு தேவைகளை ஒரே வளாகத்துக்குள் அடக்கியாக வேண்டும். முதலாவது வீட்டுத் தேவை. அது ஒவ்வொரு நாளும் காலையில் ஏறி, நடுப்பகலில் இறங்கி, மாலையில் மறுபடியும் ஏறும், ஆனால் எந்த நேரத்திலும் பெரிதாக இருக்காது. இரண்டாவது தீயணைப்புத் தேவை. அது பத்து ஆண்டுகளுக்கு எழாமலே இருந்துவிட்டு, எழுகிற இரவில் அரை மணி நேரத்துக்குள் வளாகத்தின் ஒரு நாள் நீரைவிட அதிகமாகக் கேட்கும். இந்த இரண்டையும் ஒரே கணக்காகப் போட்டுவிடுவதால்தான் பெரும்பாலான திட்டங்கள் தவறிப்போகின்றன என்பது என் கருத்து. ஆகவே கீழே உள்ள ஒப்பீடு முழுவதையும் ஒரே எடுத்துக்காட்டின் மீது நடத்துகிறேன்.

பத்து மாடி, 120 வீடுகள், வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 பேருக்கு ஒரு நாளைக்கு 72,000 லிட்டர் வேண்டும். அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நிமிடத்துக்கு 50 லிட்டர்தான். காலை உச்ச நேரத்தில் நான்கு மடங்காக உயர்ந்தாலும் 200 லிட்டர். இனி தீயணைப்புப் பக்கம் வருவோம். பல நாடுகளில் முன்மாதிரியாகக் கொள்ளப்படும் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 14ஆம் நெறி, மாடிதோறும் தீயணைப்பு வீரர்கள் குழாய் மாட்டும் செங்குத்து நீர்க்குழாய்களான ரைசர்களில் முதல் ரைசருக்கு நிமிடத்துக்கு 1,893 லிட்டரும், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 946 லிட்டரும் கேட்கிறது. இரண்டு படிக்கட்டுகள், இரண்டு ரைசர்கள் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,840 லிட்டர். வீட்டுத் தேவையின் சராசரியைப் போல 57 மடங்கு. அதுவும் உச்சி மாடியில் ரைசரின் வெளிவாய் அருகே, நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 6.9 பார் அழுத்தம் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஒரு பார் என்பது ஏறத்தாழ 10.2 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். உச்சி வெளிவாய் பம்ப்பைவிட 28 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த உயரத்துக்கு 2.75 பார், குழாய் உராய்வுக்கு 0.7 பார், மேலே மிஞ்ச வேண்டியது 6.9 பார் என்று கூட்டினால் தரைமட்டத்தில் 10.35 பார் தேவை. தெருக்குழாய் எதுவும் இதைத் தாராது. எனவே பம்ப் வேண்டுமா, வேண்டாமா என்பது இங்கே கேள்வியே அல்ல. அந்த பம்ப் எங்கிருந்து உறிஞ்சப்போகிறது என்பதுதான் கேள்வி.

தெருக்குழாயிலிருந்து நேரடியாக

மூன்று ஏற்பாடுகளில் கட்டுமானக்காரர் முதலில் விரும்புவது இதைத்தான். தொட்டி வேண்டாம், தோண்ட வேண்டாம், அந்த இடத்தில் நான்கு கார்களை நிறுத்தலாம். தெருக்குழாயில் போதிய நீர் இருந்தால் இதுவே சிறந்த ஏற்பாடு என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்; அரை மணியில் தீர்ந்துவிடும் தொட்டியைவிட, ஊரின் நீர்த்தேக்கத்தோடு இணைந்த குழாய் எவ்வளவோ மேல். ஆனால் ‘போதிய நீர் இருக்கிறது’ என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

குழாயை மூடி வைத்துப் பார்க்கும் நிலையழுத்தத்தை வைத்து முடிவு செய்வதைப் போன்ற பிழை இந்தத் தொழிலில் வேறில்லை. ஒரு மனைக்கு எதிரே நடந்த சோதனையில் நானே உடன் இருந்தேன். தீயணைப்புக்கு நீர் எடுக்கத் தெருக்குழாயில் வைத்திருக்கும் ஹைட்ரன்ட்டில் மாட்டிய அழுத்தமானி 4.8 பார் காட்டியது. அங்கிருந்த எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த ஹைட்ரன்ட்டைத் திறந்து நீரை ஓடவிட்ட மறுநொடி முள் சறுக்கிக்கொண்டே இறங்கி ஒரு பாருக்குக் கீழே போய் நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு தெரு தள்ளி ஒரு வால்வு பாதி மூடியே கிடந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது மூடியதை முழுதாகத் திறக்காமல் போயிருக்கிறார்கள். வீடுகளுக்குப் போகும் சிற்றோட்டத்துக்குப் பாதி திறந்த வால்வே போதும் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. தீயணைப்பு நீர் கேட்டபோதுதான் அது வெளிப்பட்டது.

ஆகவே முடிவெடுக்கும் முன் ஓட்டச் சோதனை கட்டாயம் வேண்டும். ஒரு ஹைட்ரன்ட்டில் அழுத்தமானியை மாட்டி, மற்றொன்றைத் திறந்து, பீறிடும் நீரின் நடுவில் பிட்டாட் குழாயின் முனையை வைத்து வேகத்தை அழுத்தமாகப் படித்து, அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுவார்கள். நம் எடுத்துக்காட்டில் நிலையழுத்தம் 4.0 பார், நிமிடத்துக்கு 1,900 லிட்டர் ஓடும்போது மிஞ்சும் அழுத்தம் 2.9 பார் என்று கிடைத்ததாகக் கொள்வோம். தெருக்குழாயின் அழுத்தத்தை 1.4 பாருக்குக் கீழே இழுக்கக்கூடாது என்பது வழக்கமான எல்லை. அதற்கும் கீழே போனால் அக்கம்பக்கத்து உயரமான இடங்களில் அழுத்தம் எதிர்மறையாகி, கசிவுகள் வழியாக மண்ணிலுள்ள அழுக்கு குடிநீருக்குள் உறிஞ்சப்படும். 4.0இலிருந்து 1.4 வரை இழக்க அனுமதிக்கக்கூடிய 2.6 பாரை, சோதனையில் இழந்த 1.1 பாரால் வகுத்து, 0.54 என்ற அடுக்குக்கு உயர்த்தி, 1,900ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,020 லிட்டர் வருகிறது.

நமக்கு வேண்டியது 2,840, கிடைப்பது 3,020. போதும் என்று கோப்பை மூடிவிடலாமே என்று தோன்றும். அப்படி மூடப்பட்ட கோப்புகள் உண்டு. ஆனால் தீயணைப்பு பம்ப்பின் இயல்பு வேறு. மேற்சொன்ன சங்கத்தின் 20ஆம் நெறிப்படி, அது தன் குறித்த ஓட்டத்தில் 150 விழுக்காட்டையும், குறித்த அழுத்தத்தில் 65 விழுக்காட்டுக்குக் குறையாமல் தர வேண்டும். அதாவது 2,840 லிட்டர் பம்ப் ஒன்று, கூடுதல் குழாய்கள் திறக்கப்பட்டால், 4,260 லிட்டர் வரை உறிஞ்சும். அந்த ஓட்டத்தில் தெருக்குழாய் இழக்கும் அழுத்தம் கணக்குப்படி 4.9 பார், அதனிடம் இருப்பதோ 4.0 பார்தான். அவ்வளவு நீரை அந்தக் குழாயால் தரவே முடியாது; பம்ப் வெற்றிடத்தை உறிஞ்சத் தொடங்கும், தெருவே வறண்டுபோகும். இந்த எடுத்துக்காட்டில் நேரடி இணைப்பு இங்கேயே விழுந்துவிடுகிறது.

வேறொரு கணக்கும் இருக்கிறது. கட்டடத்துக்கு வெளியே தீயணைப்பு வண்டி நீர் எடுக்கும் ஹைட்ரன்ட்டுகளின் தேவை, உள்ளே இருக்கும் ரைசரின் தேவையிலிருந்து வேறுபட்டது. சர்வதேசத் தீத்தடுப்பு நெறியின் பின்னிணைப்பு, தீயின் சூட்டில் தானாகத் திறந்து நீர் பொழியும் ஸ்பிரிங்க்ளரை முழுமையாகப் பொருத்திய பெரிய கட்டடத்துக்கு வெளிநீர்த் தேவையை அட்டவணை மதிப்பில் கால்பங்காகக் குறைக்க விடுகிறது. ஆனால் நிமிடத்துக்கு 3,785 லிட்டருக்குக் கீழே போகவிடுவதில்லை. நம் தெருக்குழாய் தருவது 3,020. இதைச் சரிக்கட்ட மூன்று வழிகள்: வளாகத்தின் மறுபக்கத்துத் தெருவிலுள்ள குழாயோடும் இணைப்பது, தெருக்குழாயைப் பெரிதாக்குவது, வளாக ஹைட்ரன்ட்டுகளையும் சொந்தத் தொட்டியிலிருந்து ஓட்டுவது. மறுபக்கத்தில் குழாய் இருந்தால் முதல் வழியையே தேர்வேன். அது நீரைக் கூட்டுவதோடு, ஒரு பக்கம் குழாய் உடைந்தாலும் மறுபக்கத்திலிருந்து நீர் வர வழி செய்கிறது.

தரைத்தொட்டியும் பம்ப்பும்

சம்ப் என்று எல்லோரும் சொல்லும் நிலத்தடித் தொட்டியில் தீயணைப்பு நீரைச் சேமித்து, அதிலிருந்து பம்ப் உறிஞ்சுவது இரண்டாவது ஏற்பாடு. 2,840 லிட்டர் வீதம் 30 நிமிடத்துக்கு 85,200 லிட்டர் ஆகிறது. 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் 2.84 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிற்க வேண்டும். பம்ப்பின் உறிஞ்சுவாய்க்குக் கீழே தேங்கி, சுழல் விழுந்து காற்றை இழுப்பதால் எடுக்க முடியாமல் போகும் நீரை இதில் சேர்க்கக்கூடாது. ஆகவே தொட்டி இன்னும் சற்று ஆழமாகும். 30 நிமிடம் என்பது குறைந்தபட்ச அளவு மட்டுமே. தீயணைப்பு நிலையம் தொலைவில் இருந்தாலோ, வளாகத்துக்குள் வரும் வழி குறுகலாக இருந்தாலோ ஒரு மணி நேரத்துக்கு 1,70,400 லிட்டர் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

தெருக்குழாயின் அழுத்தம் இரவும் பகலும் மாறினாலும், விநியோகம் விட்டுவிட்டு வந்தாலும், பம்ப்புக்கு ஒரே நிலையான நீர்மட்டம் கிடைக்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் பெரிய பலம். தெருக்குழாயை பம்ப் நேரடியாகத் தொடுவதே இல்லை என்பதால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பாதிப்பில்லை. பலவீனம் மின்சாரம். 47 லிட்டரை ஒரு நொடியில் 10.4 பார் அழுத்தத்தில் தள்ள ஏறத்தாழ 70 கிலோவாட் வேண்டும். தீ எரியும்போது முதலில் நிறுத்தப்படுவது கட்டடத்தின் மின்சாரம்தான். எனவே மின்பம்ப்போடு டீசல் பம்ப்பும் வேண்டும், அல்லது பிரதான சுவிட்ச்சுக்கு முன்பாகவே பிரியும் தனி மின்தடமும் அந்தச் சுமையைத் தாங்கும் ஜெனரேட்டரும் வேண்டும். குழாயில் சிறு கசிவால் அழுத்தம் குறையும்போதெல்லாம் பெரிய பம்ப் தூண்டப்படாமல் இருக்க ஒரு சிறிய ஜாக்கி பம்ப்பும் சேர வேண்டும். டீசல் எஞ்சினை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பராமரிப்பு நெறி. அப்படி ஓட்டாத எஞ்சின் தேவைப்படும் நாளில் பேட்டரி இறங்கிக் கிடக்கும்.

இடைத்தொட்டி என்றொரு நடுவழியும் பேசப்படுகிறது: தொட்டியைச் சிறிதாக வைத்துக்கொண்டு, பம்ப் ஓட ஓடத் தெருக்குழாயிலிருந்து தானாக நிரப்பிக்கொள்வது. நம் எடுத்துக்காட்டில் இது பயன் தராது. பம்ப் வெளியேற்றும் வேகத்திலேயே நிரப்ப வேண்டுமென்றால் மறுபடியும் அதே தெருக்குழாயின் வலுவில்தான் வந்து நிற்கிறோம்; நிரப்பும் வால்வு ஒன்று சிக்கிக்கொண்டால் சிறிய தொட்டி சில நிமிடங்களில் காலியாகிவிடும். தெருவில் தாராளமான நீர் இருந்தும் நேரடி இணைப்புக்கு நீர் வழங்குவோர் அனுமதி தராத இடங்களில் மட்டும் அது பொருத்தமானது.

மொட்டைமாடித் தொட்டி

மூன்றாவது ஏற்பாட்டின் அழகு அதன் எளிமை. மின்சாரம் போனாலும், எஞ்சின் கிளம்பாவிட்டாலும் நீர் கீழே இறங்கும், புவியீர்ப்பு பழுதாவதில்லை. அந்த நம்பகத்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது தரும் அழுத்தம் எங்கே தேவையோ அங்கே இருப்பதில்லை. உச்சி மாடிக்கு மேலே நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டி அந்த மாடிக்குத் தருவது 0.4 பார்தான், 6.9 பார் வேண்டுமென்றால் தொட்டி 70 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தரைத்தளத்துக்கு அது மூன்று பாருக்கு மேல் தரும், ஆனால் தரைத்தளத்தில்தான் தீயணைப்பு வண்டி எளிதாக எட்டுகிறது. மேலும் 85,200 லிட்டர் என்றால் 85 டன். அந்த எடையைத் தூண்களும் அடித்தளமும் சுமக்க வேண்டும். நிலநடுக்கத்தில் உச்சியில் நிற்கும் எடை கட்டடத்தை ஆட்டும் விதமே வேறு.

எனவே முழுச் சேமிப்பையும் மேலே வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் பத்து அல்லது இருபதாயிரம் லிட்டரை மேலே வைத்து, ஒரு சிறு பூஸ்டர் பம்ப்போடு ரைசரின் தலையில் இணைத்தால், குடியிருப்போர் கையாளும் சுருள் குழாய்களுக்கு முதல் சில நிமிடங்களுக்கு நீர் கிடைக்கும். கீழ்ப் பம்ப் கிளம்பாத அந்தச் சில நிமிடங்களில் ரைசர் காற்றால் நிரம்பாமலும் இருக்கும். தரைத்தொட்டிக்குத் துணையாக இது நல்ல ஏற்பாடு, அதற்கு மாற்றாகாது.

ஒரே தொட்டியா, இரண்டா?

தரைத்தொட்டியே தேர்வு என்று முடிவான பிறகு, வீட்டு நீரும் தீயணைப்பு நீரும் ஒரே தொட்டியில் இருக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. இதில்தான் நான் அதிகம் தயங்கியிருக்கிறேன்.

ஒரே தொட்டி என்றால் தீயணைப்புப் பம்ப்பின் உறிஞ்சுவாய் அடியிலும், வீட்டுப் பம்ப்பின் உறிஞ்சுவாய் தீயணைப்பு நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்கும். வீட்டுப் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் கீழுள்ள 85,200 லிட்டரைத் தொட முடியாது. காகிதத்தில் குறையில்லாத ஏற்பாடு இது. நடைமுறையில், தண்ணீர்ப் பஞ்சம் வரும் ஒரு மாதத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பம்ப்பின் குழாயில் இரண்டு மீட்டர் துண்டு ஒன்றைச் சேர்த்துவிடுவார். அவர் தீயவர் அல்லர். 120 வீடுகள் அவரிடம் தண்ணீர் கேட்கின்றன, கண்ணெதிரே தண்ணீர் நிற்கிறது. மழை வந்த பிறகு அந்தத் துண்டு அங்கேயே இருந்துவிடும். அதனால் இரண்டையும் பிரிப்பது சுவராக இருக்க வேண்டும், குழாயின் நீளமாக இருக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தனித்தனித் தொட்டி என்றால் வேறொரு சிக்கல். தீயணைப்புத் தொட்டியின் நீர் அசையாமல் நிற்கும், குளோரின் கரைந்துபோகும், சுவரில் பாசியும் அடியில் வண்டலும் சேரும். குடிக்கப் பயன்படாத நீர்தானே என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் அந்த வண்டல் போய் அடைப்பது ஸ்பிரிங்க்ளரின் வாயை.

இதற்குப் பழகிய கொத்தனார்களும் பிளம்பர்களும் நன்கறிந்த ஒரு தீர்வு உண்டு. வெளியிலிருந்து வரும் நீரை முதலில் தீயணைப்பு அறைக்குள் விடுவது. அது நிரம்பி, நடுச்சுவரின் மேல்விளிம்பைத் தாண்டி வழிந்து வீட்டு நீர் அறைக்குள் விழுவது. தீயணைப்பு அறை எப்போதும் நிரம்பியே இருக்கும். வீட்டு நீர் எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொட முடியாது. ஒவ்வொரு நாளும் புது நீர் அதன் வழியே கடந்து போவதால் தேக்கமும் இல்லை. முழுதாகக் குடியேறிய வளாகத்தில் 85,200 லிட்டர் அறையை நாளுக்கு 72,000 லிட்டர் கடக்கிறது, 1.2 நாளில் நீர் மாறிவிடுகிறது.

ஆனால் வளாகம் முதல் நாளே நிரம்புவதில்லை. முதல் ஆண்டில் 20 வீடுகளில்தான் ஆள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். நாளுக்கு 12,000 லிட்டர் செலவில், அதே அறையின் நீர் மாற ஏழு நாட்கள் ஆகும். அதைத் தாண்டி வீட்டு அறையிலும் 72,000 லிட்டர் நிறைத்து வைத்தால், குழந்தை குடிக்கும் டம்ளருக்கு வந்து சேரும் நீரின் வயது 13 நாள். வெப்பமான இடத்தில், 25 முதல் 45 பாகை வரை நுண்ணுயிர்கள் செழிக்கும் நிலையில், குளோரின் அவ்வளவு நாள் நிற்காது. தீயணைப்புக்கென்று நல்லெண்ணத்தோடு கட்டிய தொட்டி, குடியேறியவர்களில் முதல் இருபது குடும்பங்களுக்குப் பழைய நீரைக் கொடுத்துவிடக்கூடும்.

ஆகவே வழிந்தோடும் ஏற்பாட்டோடு, நேரே வீட்டு நீர் அறைக்குப் போகும் ஒரு கிளைக்குழாயும் வால்வும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் ஆண்டில் கிளைக்குழாய் திறந்திருக்கும். தீயணைப்பு அறை மிதவை வால்வு வழியாகத் தனியே நிரம்பியிருக்கும். வீட்டு அறையையும் இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் பயன்படுத்தலாம். பாதி வீடுகள் நிறைந்ததும் கிளைக்குழாயை மூடிவிட்டு வழிந்தோடும் முறைக்கு மாறலாம். கூடுதலாக ஆகும் செலவு ஒரு வால்வும் சில மீட்டர் குழாயும்தான்.

வீட்டுப் பம்ப்பின் அளவைப் பற்றி ஒரு சொல். 1940இல் ராய் ஹன்டர் என்பவர் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய முறையில், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து உச்ச ஓட்டத்தைக் கணிப்பார்கள். அன்றைய கழிப்பறைகளுக்கும் குழாய்களுக்கும் அமைந்த அந்த வளைகோடு இன்றைய சிக்கனச் சாதனங்களுக்கு மிகையான விடையைத் தருகிறது. மிகையான பம்ப் அடிக்கடி ஓடி நின்று தேயும். வேகம் மாறும் இரண்டு மூன்று சிறு பம்ப்கள் நல்லவை. இதற்கு மேல் இதில் சிந்திக்க அதிகமில்லை.

வளாகத்துக்குள் குழாய்: ஒற்றைத் தடமா, வளையமா?

ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரப்படி உராய்வு இழப்பு, ஓட்டத்தின் 1.85ஆம் அடுக்கோடு கூடுகிறது, விட்டத்தின் 4.87ஆம் அடுக்கோடு குறைகிறது. இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தாமாகவே விளங்கும். 2,840 லிட்டரை 300 மீட்டர் நீளமுள்ள 150 மில்லிமீட்டர் ஒற்றைத் தடத்தில் அனுப்பினால், குழாயின் வழவழப்பைக் காட்டும் கெழு 130 என்று கொண்டால், 14 மீட்டர் அழுத்த உயரம் போய்விடுகிறது. 200 மில்லிமீட்டராக மாற்றினால் 3.5 மீட்டர்தான் போகிறது. அதே 150 மில்லிமீட்டர் குழாயையே வளாகத்தைச் சுற்றி வளையமாகப் போட்டு, இருபக்கமிருந்தும் பாதிப்பாதி நீர் வரச்செய்தால் 3.9 மீட்டர்.

இழப்பைப் பார்த்தால் 200 மில்லிமீட்டர் ஒற்றைத் தடமும் 150 மில்லிமீட்டர் வளையமும் ஏறத்தாழ ஒன்றுதான். செலவில் ஒற்றைத் தடம் சற்று மலிவாக முடியக்கூடும், ஏனெனில் தோண்டும் நீளம் பாதி. ஆயினும் வளையத்தையே தேர்வேன். ஒற்றைத் தடத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் அதற்கப்பால் உள்ள ஹைட்ரன்ட்டுகள் எல்லாம் வறண்டுவிடும். வளையத்தில் இரண்டு வால்வுகளை மூடி உடைந்த துண்டை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை ஓட்டலாம். அதற்கு வால்வுகள் போதிய நெருக்கத்தில் இருக்க வேண்டும்; இரண்டு வால்வுகளே உள்ள வளையம் பெயரளவில்தான் வளையம். பாதியில் மாட்டிக்கொண்ட அந்தத் தெரு வால்வை நினைத்துக்கொண்டு இதையும் சொல்கிறேன்: தண்டு வெளியே எழும்பித் தன் நிலையைக் கண்ணுக்குக் காட்டும் வகை வால்வுகளையே தீயணைப்புத் தடத்தில் போட வேண்டும். திறந்திருக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து பார்த்தே சொல்ல முடிய வேண்டும்.

ஸ்பிரிங்க்ளரும் பம்ப்பின் வளைகோடும்

தேவையையே குறைக்கும் ஒரே தேர்வு ஸ்பிரிங்க்ளர். குறைந்த அபாய வகைக் குடியிருப்புக்கு, 139 சதுர மீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு 4.1 மில்லிமீட்டர் நீர் பொழிய வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் அளவு. அது நிமிடத்துக்கு 570 லிட்டர். வெளிக்குழாய்க்கு 380 லிட்டர் சேர்த்து அரை மணிக்கு 28,500 லிட்டர். தீ சிறிதாக இருக்கும்போதே அதன் மேல் விழும் 570 லிட்டர், அது முழு வீட்டையும் பிடித்த பிறகு சன்னல் வழியே பீய்ச்சப்படும் ஆயிரக்கணக்கான லிட்டர்களைவிடப் பலமடங்கு பயனுள்ளது. செலவைக் குறைக்க ஸ்பிரிங்க்ளரை நீக்கிவிட்டுத் தொட்டியைப் பெரிதாக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது வருகிறது. அதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவில், ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. அது அலுவலகக் கட்டடம்தான், ஆனாலும் உயரமான எந்தக் கட்டடத்துக்கும் பாடமான சம்பவம். ரைசரின் வெளிவாய்களில் இருந்த அழுத்தக்குறைப்பு வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால், தீயணைப்பு வீரர்களின் குழாய்களுக்கு வேலை செய்யத் தேவையான அழுத்தம் வரவில்லை. மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ 30ஆம் மாடியை எட்டியபோது, அங்கே பொருத்தப்பட்டிருந்த ஸ்பிரிங்க்ளர்களில் பத்துத் தலைகள் திறந்து அதைத் தடுத்து நிறுத்தின. ரைசரின் உச்சியில் 6.9 பார் வேண்டும் என்று 14ஆம் நெறி 1993இல் கேட்கத் தொடங்கியதன் பின்னணியில் இந்தத் தீ இருக்கிறது. அதற்கு முன்பு கேட்கப்பட்டது 4.5 பார்.

இதிலிருந்து நம் பம்ப்புக்கு ஒரு நேரடியான முடிவு கிடைக்கிறது. வெளிவாயின் அழுத்தம் 12.1 பாரைத் தாண்டினால் அங்கே அழுத்தத்தை அடக்கும் கருவி வேண்டும். நீர் ஓடாத நிலையில் தீயணைப்பு பம்ப் தன் குறித்த அழுத்தத்தில் 140 விழுக்காடு வரை உயரலாம். ஓட்டம் குறையக் குறைய அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதைக் காட்டுவதே பம்ப்பின் வளைகோடு. செங்குத்தான வளைகோடு கொண்ட பம்ப்பை வாங்கினால் 10.4 பார் 14.5 பாராகி, கீழ்மாடிகளில் எல்லாம் அழுத்தக்குறைப்பு வால்வு மாட்ட வேண்டிவரும். தட்டையான வளைகோடு கொண்ட, 115 விழுக்காட்டைத் தாண்டாத பம்ப் என்றால் 12.0 பாரில் நின்றுவிடும். அந்த வால்வுகளே தேவையில்லை. தவறாக அமைக்கப்பட வாய்ப்பே இல்லாத வால்வு, இல்லாத வால்வுதான். பம்ப்புக்கு விலைப்புள்ளி கேட்கும்போதே வளைகோட்டையும் கேட்டு வாங்கி, இந்தப் புள்ளியைப் பார்த்துவிட வேண்டும். பத்து மாடியைவிட உயர்ந்த கட்டடத்தில் இந்த வழி எடுபடாது. அங்கே மேல்மண்டலம், கீழ்மண்டலம் என்று இரண்டு பம்ப் வைப்பதே வால்வுகளை நம்புவதைவிட நல்லது.

ஆகவே இந்த எடுத்துக்காட்டு வளாகத்துக்கு நான் தேர்வது: இரண்டு தெருக்களோடும் இணைந்த, வெளி ஹைட்ரன்ட்டுகளுக்கு நீர் தரும் 150 மில்லிமீட்டர் வளையம், வழிந்தோடும் நடுச்சுவரும் கிளைக்குழாயும் கொண்ட தரைத்தொட்டி, தட்டையான வளைகோடு கொண்ட மின்பம்ப், டீசல் பம்ப், ஜாக்கி பம்ப், மேலே ஒரு சிறு தொட்டி, எல்லா வீடுகளிலும் ஸ்பிரிங்க்ளர். மறுபக்கத் தெருவில் குழாய் இல்லாவிட்டால் தொட்டியை ஒரு மணி நேரத்துக்கும், பம்ப்பை 3,785 லிட்டருக்கும் உயர்த்தி, வளாக ஹைட்ரன்ட்டுகளையும் அதிலிருந்தே ஓட்டுவேன். தெருக்குழாயின் சோதனையில் மிஞ்சும் அழுத்தம் 2.9க்குப் பதில் 3.7 பார் என்று வந்திருந்தால், 1.4 பாரில் கிடைக்கும் ஓட்டம் 6,000 லிட்டரைத் தாண்டியிருக்கும். அப்போது தொட்டியை விட்டுவிட்டு நேரடி இணைப்பையே எழுதியிருப்பேன். ஒரு முள் 0.8 பார் மேலே நிற்பதா கீழே நிற்பதா என்பதில் முழு ஏற்பாடும் மாறுகிறது. அதனால்தான் வரைபடம் தொடங்கும் முன்பே அந்தச் சோதனையை, நீர்ப் பயன்பாடு உச்சத்தில் இருக்கும் காலை வேளையில், செய்யச் சொல்கிறேன்.

வளையமும் ஹைட்ரன்ட்டுகளும் கட்டுமானப் பொருள்கள் மனைக்குள் வரும் முன்பே நீரோடு தயாராக இருக்க வேண்டும். சாரமும் மரப்பலகையும் பெயின்ட் டின்னும் குவிந்து, ஸ்பிரிங்க்ளர் இன்னும் பொருத்தப்படாத அந்த மாதங்களில்தான் கட்டடம் தீக்கு மிக எளிய இரை. ஒப்படைக்கும் நாளில் பம்ப்பை 100 விழுக்காட்டிலும் 150 விழுக்காட்டிலும் ஓட்டி, கிடைத்த அழுத்தங்களையும் தெருக்குழாய்ச் சோதனையின் இரண்டு எண்களையும் பம்ப் அறையின் சுவரில் அழியாத வண்ணத்தில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் வந்து சோதிப்பவர் தன் மானியை அந்தச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, எங்கோ ஒரு வால்வு மறுபடியும் பாதி மூடிக்கிடக்கிறதா என்பதை அன்றே சொல்லிவிடுவார்.